கதைக்கு வயது என்ன? சாதனைப் பெண்களின் வரலாற்றைச் சரிபார்க்க உதவும் இலவசத் தளங்கள்: ஒரு மதிப்பீடு

மகளிர் தினம் வந்தால் ஹைபேஷியா சொன்னதாக ஒரு வாசகம் சுற்றத் தொடங்கிவிடும். "சிந்திக்கும் உரிமையை விட்டுக்கொடுக்காதே, தவறாகச் சிந்திப்பதுகூடச் சிந்திக்காமலே இருப்பதைவிட மேல்." பக்கவாட்டு முகத்துடன் அவர் படம் ஒன்றும் கூடவே வரும். அலெக்சாந்திரியாவின் அந்தக் கணித அறிஞர் கொல்லப்பட்டது கி.பி. 415இல். வாசகமும் படமும் பிறந்தது 1908இல். எல்பர்ட் ஹப்பர்டு என்ற அமெரிக்க எழுத்தாளர் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் வாசகம் வந்தது. அதற்காக ஜூல்ஸ் மோரிஸ் காஸ்பார்டு வரைந்ததுதான் படம். நடுவே கிட்டத்தட்ட 1,500 ஆண்டு இடைவெளி.

இதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழக நூலக அட்டை எதுவும் தேவையில்லை. இலவசத் தளங்களே போதும், எதை எதற்குத் திறப்பது என்று தெரிந்திருந்தால். இங்கே அந்தத் தளங்களை ஒரே அளவுகோலால் பார்க்கிறோம்: ஒரு கதை முதன்முதலில் எழுத்தில் வந்தது எப்போது என்று காட்டுகிறதா, இல்லையா? அழகான இடைமுகம், செயலி, இருள் திரை வசதி எல்லாம் இந்த வேலைக்குப் பொருட்டில்லை.

மேற்கோள் என்றால் முதல் நிறுத்தம், பிரபலங்களின் வாசகங்களைத் தொகுக்கும் ஆங்கில விக்கிமேற்கோள் (Wikiquote). ஒருவர் பக்கத்தைத் திறந்ததும் மேலே இருக்கும் வரிகளைப் படிக்காமல் நேரே கீழே போய், "சர்ச்சைக்குரியவை", "தவறாகச் சாற்றப்பட்டவை" என்ற பொருள்படும் பகுதிகளைப் பாருங்கள். ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் சொன்ன கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வரி சிந்தனையாளர் ரூசோவின் தன்வரலாற்றில் ஆறாம் பகுதியில் இருக்கிறது. அவர் அதை எழுதியது 1760களில், அச்சில் வந்தது 1782இல். "ஒரு பெரிய இளவரசி" சொன்னதாகத்தான் எழுதுகிறார், பெயர் இல்லை. 1755இல் பிறந்த மரி அந்துவானெத் பிரான்சுக்குள் கால்வைத்ததோ 1770இல். விக்கிமேற்கோளின் குறை, பிரபலமான வாசகங்களுக்குத்தான் இந்த அளவு உழைப்பு நடந்திருக்கிறது. மூல நூலோ பக்க எண்ணோ இல்லாமல் நிற்கும் வரிகள் அங்கும் உண்டு. அவற்றை அந்தத் தளத்தில் இருக்கிறது என்பதற்காக நம்பக் கூடாது.

அங்கே கிடைக்காத வாசகத்துக்கு, பழைய நூல்களின் ஸ்கேன்களை வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ். இந்த மதிப்பீட்டில் அதிக மதிப்பெண் இதற்குத்தான், அதிக எச்சரிக்கையும் இதற்குத்தான். பலர் தேடல் பெட்டியில் வாசகத்தைப் போட்டு, ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடுகிறார்கள். காரணம் எளிது: வழக்கமான தேடல் நூலின் பெயர், ஆசிரியர் போன்ற விவரங்களில் மட்டுமே தேடும். "நூலுக்குள் உள்ள எழுத்தில் தேடு" என்ற தேர்வுக்கு மாற்ற வேண்டும். பிறகு வாசகத்தை முழுதாகப் போடாதீர்கள். பகிரப்படும்போது முன்னும் பின்னும் தேய்ந்திருக்கும். நடுவிலிருந்து அடுத்தடுத்து வரும் ஐந்தாறு சொற்களை எடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். வரும் பட்டியலை ஆண்டு வரிசைப்படுத்தி, பழையதிலிருந்து தொடங்குங்கள். கிடைத்த நூலில் எழுத்தாக மாற்றிய வடிவத்தை நம்பாமல், ஸ்கேன் பக்கத்தையே திறந்து, அந்த வரிக்கு மேலும் கீழும் இரண்டு பத்தி படியுங்கள். ஹப்பர்டு விஷயத்தில் அந்த வாசகத்துக்கு அடிக்குறிப்பில்லை, எந்தப் பழைய நூலின் பெயரும் இல்லை. விசாரணை அங்கேயே முடிந்தது.

தவறு நேரும் இடங்கள் இரண்டு. 1800க்கு முன் அச்சான ஆங்கில, பிரெஞ்சு நூல்களில் "எஸ்" எழுத்து நீளமாக இருக்கும். ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி அதை "எஃப்" என்று படித்துவிடும். ஆகவே எஸ் முதலிலோ நடுவிலோ வராத சொற்களாகப் பார்த்துத் தேடுங்கள், இல்லையேல் நூல் இருந்தும் இல்லை என்று காட்டும். இன்னொன்று, காப்புரிமை உள்ள நூல்களை ஒரு மணி நேரக் கடனாகத்தான் படிக்க முடியும். பதிப்பாளர்கள் தொடுத்த வழக்குக்குப் பிறகு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கடனிலிருந்தே போய்விட்டன. பழைய கதைகளுக்கு இது பெரிய இழப்பில்லை. அவற்றைத் தவறென்று நிறுவிய புதிய ஆய்வுகளைத் தேடும்போதுதான் வலிக்கும்.

கூகுள் புக்ஸ் வேகமானது, ஆனால் அதன் ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. இதழ்களின் எல்லாத் தொகுதிகளுக்கும் முதல் தொகுதியின் ஆண்டையே போட்டுவைக்கும் பழக்கம் அதற்கு உண்டு. "1850இலேயே இந்த வரி இருக்கிறதே" என்று துள்ளிக் குதித்த பிறகு, அது 1930களின் இதழ் என்று தெரியவரும். தலைப்புப் பக்கத்தைப் பார்க்க முடியாமல் துணுக்கு மட்டும் தெரிந்தால், அதே நூலைப் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டு மின்னூலகமான ஹாத்தி டிரஸ்டில் தேடுங்கள். முழு நூலைத் திறக்க அனுமதி இல்லாதபோதும் தேடிய சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று அது சொல்லும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் திறக்கும் நூல்கள் குறைவு என்பதுதான் எரிச்சல்.

எண்கள் ஊதிப்பெருகும் கதைகளுக்குத் தனி மருந்து வேண்டும். அடிமைத்தளையிலிருந்து தப்பி, பிறரையும் தப்புவித்த ஹேரியட் டப்மேனைப் பற்றி "19 மீட்புப் பயணம், மீட்டது 300 பேர், அவரைப் பிடிக்க 40,000 டாலர் பரிசு" என்று திரும்பத் திரும்ப வரும். அவரது முதல் வாழ்க்கை வரலாற்றாசிரியர் சாரா பிராட்ஃபோர்டின் நூல்களே முதல் இரண்டு எண்களையும் பரப்பின. 1869 பதிப்பை வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் "டாக்குமென்டிங் தி அமெரிக்கன் சவுத்" தளம் முழுதாக வைத்திருக்கிறது. ஸ்கேன் மட்டும் என்றில்லாமல் சரிபார்த்துத் தட்டச்சு செய்த எழுத்து, பக்க எண்ணோடு, தேடுவது சுகம். இன்றைய ஆய்வாளர்கள் ஆவணங்களோடு ஒப்பிட்டு எட்டிய கணக்கு சுமார் 13 பயணம், சுமார் 70 பேர். நாற்பதாயிரத்தின் இடத்தில் இருக்கும் நிஜ ஆவணம் 1849 அக்டோபர் 3 தேதியிட்ட ஒரு நாளிதழ் விளம்பரம். மின்ட்டி என்ற பெயரில் அவரையும் இரு சகோதரர்களையும் தேடி, மேரிலாந்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர், உள்ளே பிடித்தால் 50 என்கிறது. எண் சிறுத்ததால் டப்மேன் சிறுத்துவிடவில்லை. பிடிபட்டால் மீண்டும் அடிமை என்ற நிலையில் அதே ஊருக்கு ஒரு தடவை திரும்பிப் போவதே பெரிய துணிச்சல்.

பழங்காலப் பெண்களுக்கு, கிரேக்க, லத்தீன் நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்போடு தரும் பெர்சியஸ், லாகுஸ்கூர்டியுஸ் என்ற தளங்கள் இரண்டும் போதும். கிளியோபாத்ராவைப் பாம்பு தீண்டிய கதையை எடுத்துக்கொள்வோம். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய ஆன்டனி வரலாற்றின் 86ஆம் இயலைத் திறந்தால் அத்திப்பழக் கூடையில் வந்த பாம்பு இருக்கிறது. அடுத்தே, உள்ளீடற்ற கொண்டை ஊசியில் நஞ்சு வைத்திருந்தார் என்ற இன்னொரு கதையும், உண்மை யாருக்கும் தெரியாது என்ற அவர் ஒப்புதலும் இருக்கின்றன. பாம்பு மார்பில் தீண்டியதாக ஓவியங்கள் காட்டும். புளூட்டார்க் சொல்வது கையை. அவர் பிறந்ததே அரசி இறந்து எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டு கழித்து. ஆனால் அரசியின் காலத்திலேயே வாழ்ந்த ஸ்ட்ராபோவும் பாம்பு அல்லது நச்சுத் தைலம் என்று இரண்டையும் சொல்கிறார். ஆக, பாம்பு பிற்காலக் கற்பனை என்று அடித்துச் சொல்வதும் தவறாகிவிடும். லாகுஸ்கூர்டியுஸின் தோற்றம் இருபது ஆண்டுப் பழசு போலிருக்கும், பொருட்படுத்த வேண்டாம். இயல் எண்ணோடு இணைப்புக் கொடுக்க அதுவே வசதி.

பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் பற்றி எழுதுபவர், கிசேரா என்ற அறிஞர் 1841 முதல் 1849 வரை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்த வழக்கு ஆவணங்களைத் தொடாமல் எழுதக் கூடாது. இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன. லத்தீன் தெரியாதவர்களுக்கு 1431 விசாரணையின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தின் இடைக்கால மூலநூல் தளத்தில் உண்டு. சூனியக்காரி என்று எரித்தார்கள் என்பது பொதுப்பேச்சு. தொடக்கக் குற்றப்பட்டியலின் 70 கூறுகளில் சூனியம் இருந்தது. அது 12 ஆகச் சுருங்கி, கடைசித் தீர்ப்பு மதமறுப்புக்கு மீண்டும் திரும்பியவர் என்பதாக முடிந்தது. ஆண் உடையை மறுபடி அணிந்தது அதில் முக்கியச் சான்று. ஒரு எச்சரிக்கை: இது எதிர்த்தரப்பு எழுதிவைத்த பதிவேடு. இரண்டு, மூன்றாம் தொகுதிகளில் உள்ள 1456 மறுவிசாரணைச் சாட்சியங்கள் அவருக்குச் சார்பானவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் தராசு நிற்கும்.

கொடைவா சீமாட்டி கணவரின் வரியை எதிர்த்து நிர்வாணமாகக் குதிரையேறிய இங்கிலாந்துக் கதைக்கு ஓபன் டூம்ஸ்டே தளத்தில் தொடங்கலாம். அந்தத் தளத்தில் உள்ள 1086 நிலக் கணக்கெடுப்பில், கதை நடந்த கவன்ட்ரி அவர் பெயரிலேயே இருந்த சொத்து; அங்கே கணவர் வரி போட்டார் என்பதே இடிக்கிறது. கதையோ 13ஆம் நூற்றாண்டில்தான் எழுத்துக்கு வருகிறது. அவரை ஒளிந்து எட்டிப்பார்த்ததாகச் சொல்லப்படும் டாம் அதற்கும் வெகு பின்னால் வந்து சேர்ந்தவர்.

படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம். கோப்பின் பக்கத்தில் வரைந்தவர், ஆண்டு, எங்கிருந்து எடுத்தது என்ற மூன்று வரிகளைப் படித்தாலே பாதிப் பொய் உதிரும். மேலே சொன்ன ஹைபேஷியா படம் அப்படித்தான் மாட்டும். பல ஓவியங்களில் நைட்டிங்கேல் கையில் அலாவுதீன் விளக்கு இருக்கும். கிரிமியப் போரில் அவர் பணியாற்றிய ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனையில் இருந்தது உள்ளே மெழுகுவத்தி வைக்கும் மடிப்புத் துருக்கி லாந்தர். அவர் வந்ததும் சாவு விகிதம் சரிந்தது என்ற கதையையும் தேதி போட்டுப் பாருங்கள். அவர் போய்ச் சேர்ந்தது 1854 நவம்பர். அந்தக் குளிர்காலத்தில் சாவுகள் ஏறின. 1855 மார்ச்சில் சுகாதார ஆணையம் வந்து சாக்கடையையும் காற்றோட்டத்தையும் சரிசெய்த பிறகே இறங்கின. நைட்டிங்கேலின் சொந்தச் சாதனை, பிற்பாடு அந்தக் கணக்கை 1858இல் வரைபடமாக்கி அரசாங்கத்தின் முகத்துக்கு முன்னால் நீட்டியது.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை எதில் தேடுவது என்று கேட்க மட்டும் பயன்படுத்தலாம். "ஹைபேஷியாவின் கொலையை விரிவாகச் சொல்லும் பழைய சாட்சி எது?" என்றால் திருச்சபை வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் ஸ்கொலாஸ்டிகஸ், ஏழாம் நூல், 15ஆம் இயல் என்று சரியான கதவைக் காட்டக்கூடும். அதே உரையாடி இல்லாத நூலுக்குப் பக்க எண்ணும் கொடுக்கும். அது சொன்ன இயலைத் திறந்து, அந்த வரி அங்கே கண்ணில் படும்வரை குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.