கோப்பையா, தேர்வுக்குழுவா?

68 அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஆடிய என்சிஏஏ கூடைப்பந்துப் போட்டிக்குள் நுழைய, 2024 மார்ச்சில் நார்த் கரோலினா ஸ்டேட் அணியின் ரசிகர்கள் முன் இரண்டு வழிகள். தேர்வுக்குழு தரும் 36 இடங்களில் ஒன்று? 17 வெற்றி, 14 தோல்வியோடு அது வெறும் நப்பாசை. தங்கள் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஏசிசியின் கோப்பையை வென்றால் யார் தயவும் வேண்டாம், நேரே உள்ளே போகலாம். ஆனால் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம், வழியில் பலமான டியூக் அணி வேறு! அரையிறுதியில் வர்ஜீனியாவிடம் மூன்று புள்ளி பின்தங்கியபோது, கடைசி நொடியில் மைக்கேல் ஓ'கானல் எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. கூடுதல் நேரத்தில் வெற்றி. இறுதியாட்டத்தில் நார்த் கரோலினா என்ற இன்னொரு அணியும் காலி.

அரையிறுதியில் தோற்ற வர்ஜீனியாவையும் தேர்வுக்குழு என்சிஏஏ போட்டிக்கு அழைத்தது. டேட்டன் நகரில் கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று உதை வாங்கித் திரும்பியது. கோப்பையோடு வந்தவர்களோ கடைசி நான்கு வரை போனார்கள். எனக்கு எப்போதும் கோப்பை வழிதான், நெஞ்சு படபடத்தாலும்.