மலிவு விமானமா, முழுச்சேவை விமானமா?

விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். மலிவுக் கட்டண நிறுவனங்களின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. 1971-இல் பறக்க ஆரம்பித்த அமெரிக்க மலிவு நிறுவனம் சவுத்வெஸ்ட், பெரும்பாலும் போயிங் 737 என்ற ஒரே ரகத்தை நம்பியது. விமானிப் பயிற்சி, உதிரி பாகம், பராமரிப்பு எல்லாவற்றிலும் செலவு மிச்சம். இறங்கிய கொஞ்ச நேரத்தில் மறுபடி புறப்பட்டால், அதே விமானம் ஒரே நாளில் கூடுதல் நடை போகும். அயர்லாந்தின் மலிவு நிறுவனம் ரயன்ஏர் இன்னும் கறார்: பெட்டிக்குத் தனிக் காசு, இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும் தனிக் காசு.

முழுச்சேவை நிறுவனங்களுக்குப் பல ரக விமானங்கள், பயணிகள் விமானம் மாறும் பெரிய மைய நிலையங்கள், அதற்கேற்ற செலவு. அதில் பெரும்பங்கை முன்வரிசை (பிசினஸ், முதல் வகுப்பு) பயணிகளும், கடைசி நேரத்தில் டிக்கெட் எடுக்கும் அலுவல் பயணிகளும் சுமக்கிறார்கள். முன்கூட்டியே எடுப்பவருக்குக் குறைந்த விலை. (இந்த வித்தையை மலிவு நிறுவனங்களும் கற்றுக்கொண்டுவிட்டன.)

1978-இல் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு, புதிய பயணிகளை வானேற்றியதில் மலிவு ரகத்துக்கே பெரிய பங்கு என்பேன். ஆனால் விமானம் மாறிப் போவதென்றால் முழுச்சேவையே தேவலை. ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள்.