செவ்வாய்ப்பேட்டை பட்டறையில் அடித்த நான்கு வெள்ளி வில்லைகள்

காசைக் கையில் மறைத்தும் தோன்றவைத்தும் காட்டும் நாணய வித்தை பழகுகிறவர்கள் பலருக்கு அமெரிக்க அரை டாலர்தான் அளவுகோல். குறுக்களவு 30.6 மி.மீ., எடை 11.34 கிராம். நம் பத்து ரூபாய் 27 மி.மீ. மட்டுமே, என் அகலமான உள்ளங்கையில் அது நிற்பதில்லை. விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாய் கிட்டத்தட்ட அரை டாலர் அளவு, 11.66 கிராம். ஆனால் பாட்டியின் பெட்டியில் இருப்பதை எடுத்து, நாள் முழுக்கத் தரையில் போட்டுப் பழக யாருக்கு மனம் வரும்? ஆகவே, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் ஒரு பட்டறையில் அதே அளவுக்கு வில்லைகள் அடிக்கச் சொன்னேன்.

பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. "காசு மாதிரி தலை, எழுத்து எதுவும் போடமாட்டேன் தம்பி. வேண்டுமானால் பூ போடுகிறேன்" என்று பத்தர் முதலிலேயே சொல்லிவிட்டார். நியாயம்தான். 92 டச் வெள்ளி, அதாவது நூற்றுக்கு 92 பங்கு சுத்த வெள்ளி; ஒரு பக்கம் தாமரை.

முதலில் அடித்துத் தந்தவை தட்டையாக இருந்தன. பார்க்க அழகுதான், வியர்த்த கையில் இரண்டு வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. காசுகளின் ஓரம் சற்று உயர்ந்திருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். பத்தர் முணுமுணுத்தார், ஆனாலும் ஓரத்தை எழுப்பி, விளிம்பில் அரத்தால் நெருக்கமாக வரி போட்டுத் தந்தார். அந்த வரிக்காகவே கூலியைத் தாராளமாகக் கொடுக்கலாம். காசை உள்ளங்கையில் ஒளிக்கும்போது, பெருவிரல் மேட்டுக்கும் எதிர்ப்பக்கச் சதைக்கும் நடுவில் வில்லையின் விளிம்பு மட்டும் பிடித்திருக்க, விரல்கள் சும்மா தொங்க வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் உள்ளங்கை காய்ந்துபோய் வழவழப்பான காசு நழுவும். கோடை விழாச் சமயத்தில் அங்கே ஒரு விடுதியில் இவற்றை வைத்து நிகழ்ச்சி செய்தேன், ஒன்றுகூட விழவில்லை.

கணக்கு எழுதும்போதும் ஒன்று என் கையிலேயே இருக்கும். பேனா பிடித்த கை இயல்பாகத் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. பெட்டியில் அடைத்து விற்கும் மேஜிக் செட்டுகளின் பிளாஸ்டிக் காசு இதற்கு உதவாது; எடையே இல்லாத பொருளை ஒளிக்கக் கை எதைக் கற்றுக்கொள்ளும்?

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைக்குள் இரண்டு வில்லைகள் உரசினால் முன்வரிசைக்குக் கேட்கக் கூடாது. காற்றிலிருந்து காசு பறித்து வாளியில் போடும் வித்தையிலோ கடைசி வரிசைவரை கணீரென்று கேட்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கர் டி. நெல்சன் டவுன்ஸ் 'நாணயங்களின் அரசன்' என்று பேரெடுத்தது இந்த வித்தையில்தான். வெள்ளி இரண்டுக்கும் ஒத்துவருகிறது. எவர்சில்வர் வாளி மட்டும் வேண்டாம், கிறீச்சிடும். பித்தளை வாளி நல்லது.

குறைகள்: நான்கும் ஒரே எடை இல்லை, தாமரை ஒன்றில் கோணல், சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை. மெருகு போடாமல் கேட்டு வாங்குங்கள். கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்த்தால் போதும். முகூர்த்த மாதங்களில் உங்களை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆடியில் போங்கள், கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களை மட்டும் தவிர்த்துவிட்டு.