எம்எஸ் இருக்கறவங்களுக்கு நர்ஸ் உதவி: போன் காலா, ஆப்பா?

மூளை, தண்டுவட நரம்புகளத் தாக்கற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) நோய்னு தெரிஞ்சதுக்கப்புறம் வர்ற சந்தேகங்கள்ல முக்காவாசி நர்ஸ்கிட்ட கேக்கறதுதான், ஊசி போட்ட இடம் செவந்து தடிச்சிருக்கே பரவால்லயா, ஒரு டோஸ் மறந்துட்டேன் அடுத்த தடவ ரெண்டா போட்டுக்கலாமா (கூடவே கூடாது), காலைலேந்து கால் மரத்துப் போன மாதிரியே இருக்கே இது ரிலாப்ஸா, அதாவது நோய் திரும்பக் கெளம்பிடுச்சா... இதுக்கெல்லாம் இப்ப மூணு வழி இருக்கு. நர்ஸுக்கு நேரா போன் போடறது, நாமளே குறிச்சு வெச்சுக்கற ஆப், அப்புறம் அந்தப் பக்கம் நர்ஸும் இருக்கற ஆப்.

ரிலாப்ஸ் சந்தேகம்னா என் ஓட்டு போன் காலுக்குத்தான், ரெண்டாவது யோசனையே வேணாம். புது அறிகுறி, இல்லன்னா பழசே அதிகமாகி, குறைஞ்சது 24 மணி நேரம் நிக்கணும், காய்ச்சலோ இன்ஃபெக்‌ஷனோ காரணமா இருக்கக்கூடாது, அப்பதான் அத ரிலாப்ஸ்னு சொல்வாங்க. உடம்பு சூடானாலே பழைய அறிகுறி தலை தூக்கும், யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தாலும் அப்படித்தான். நல்ல நர்ஸ் மொதல்ல கேக்கறதே காய்ச்சல் இருக்கா, யூரின் போறப்ப எரியுதா, எப்பலேந்து இப்படி இருக்குன்னுதான், நம்ம பதில வெச்சு அடுத்த கேள்வி வரும். ஆப்ல "மரத்துப்போதல் 7/10"னு போட்டா ஒரு கோடு மேல ஏறும், அவ்ளோதான். ஒரு கண்ணு வலியோட மங்குதுன்னா மெசேஜ் போட்டுட்டுக் காத்திருக்கவே கூடாது, உடனே கூப்பிடுங்க.

நாமளே குறிச்சுக்கற ஆப்னா ரோஷ் கம்பெனியோட ஃப்ளட்லைட் மாதிரி, ரெண்டு நிமிஷம் நடக்கச் சொல்லும், ஸ்க்ரீன்ல தெரியற தக்காளிய ரெண்டு விரலால கிள்ளச் சொல்லும், விரலால கோடு வரையச் சொல்லும். கையும் நடையும் மாசக்கணக்குல எப்படி மாறுதுன்னு டாக்டர்கிட்ட காட்ட அருமையான விஷயம், ஏன்னா பத்து நிமிஷ செக்கப்ல இது தெரியாது. ஆனா நமக்கு பதில் சொல்ல அங்க யாரும் இல்ல. சோர்வா இருக்கற நாள்ல ஸ்கோர் கம்மியா வந்து பயந்துபோய் உக்காந்திருக்கறவங்கள நினைச்சாத்தான் எனக்கு கவலையா இருக்கு.

மூணாவது வகை, ஊசி போட்டுக்கறவங்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. பேயரோட பீட்டாகனெக்ட் மெஷின்ல ஊசி போட்டா ப்ளூடூத் வழியா மைபீட்டாஆப்ல தேதி தானா பதிவாகிடும், கடைசியா எப்ப போட்டோம்னு யோசிச்சு மண்டைய ஒடைக்க வேணாம். எம்எஸ்ஸுக்கான இன்டர்ஃபெரான்ங்கற ஊசி மருந்து போட்டுக்கறவங்கள்ல நெறைய பேர் ஜுரம், உடம்பு வலி, தோல் செவக்கறது தாங்காம யாருக்கும் சொல்லாமலே நிறுத்திடறாங்க. இந்த மாதிரி பதிவ நர்ஸும் பாக்கற ஏற்பாடு இருந்தா, டோஸ் விட்டுப்போறத பாத்து அவங்களே கூப்பிட்டு நேரத்த ராத்திரிக்கு மாத்துங்க, போடற எடத்த மாத்தி மாத்திப் போடுங்கன்னு சொல்ல முடியும். செவந்த எடத்த போட்டோ எடுத்து அனுப்பற வசதி இருந்தா இன்னும் நல்லது, போன்ல வாயால விவரிக்கறதவிட அது எவ்வளவோ தெளிவு.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, மருந்து கம்பெனி ஆப்னா நம்ம விவரம் யார்கிட்ட போகுதுன்னு படிச்சுட்டு ஓகே குடுங்க. கை நடுங்கறவங்களும் கண்ணு மங்கலா இருக்கறவங்களும் பொடி எழுத்துல டைப் பண்ண முடியாது, வாய்ஸ் மெசேஜ் இல்லாத ஆப் அவங்களுக்கு வேணாம். இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே நர்ஸ்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டுருங்க: நான் அனுப்பறத யார் படிப்பாங்க, ராத்திரியும் லீவு நாளும் எந்த நம்பருக்குக் கூப்பிடணும்.