செயின் கிட் போயிருச்சு என்று சொன்னால், பழைய செயினைக் கேட்டு வாங்குங்கள்

ஈரோட்டில் பைக் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தேயாத செயினை மாற்றிக் காசு வாங்கிய சர்வீஸ் கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வேலை எந்த ஊரிலும் நடக்கும், அவர்கள் சொல்கிற வசனமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

என்னுடையது 125 சிசி வண்டி. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது செயின், கவரில் 'சட சட' என்று அடித்தது. சர்வீஸுக்கு விட்டபோது செயினைக் கொஞ்சம் டைட் வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். மதியம் போன் வந்தது. "அண்ணா, செயின் கிட்டே போயிருச்சுங்க. டைட் வெச்சாலும் நிக்காதுங்க. மாத்தலைன்னா ரோட்டுல அறுந்துரும்."

ரோட்டில் அறுந்துவிடும் என்று சொன்னபிறகு யார் பேரம் பேசுவார்கள்? கிட் என்றால் செயினும், அது ஓடும் முன், பின் பல்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகளும். அது 2,150 ரூபாய், கூலி 300. பழைய சாமான்களை எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். "இந்த இரும்ப வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க" என்று முனகியபடி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

வண்டியை எடுத்ததிலிருந்தே சரியில்லை. 40-ஐத் தாண்டினால் ஒரு இரைச்சல். மனைவி பின்னால் உட்கார்ந்தால் அது இன்னும் கூடியது. நியூட்ரலில் தள்ளினாலும் வண்டி கனத்தது. திரும்பப் போய்ச் சொன்னேன். "புது செயின் அப்படித்தாங்க இருக்கும், ஓட ஓட செட் ஆயிரும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆள் ஏறினால் சத்தம் கூடுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்ம் ஓர் இடத்தில் ஊன்றி மேலும் கீழும் ஆடுகிறது. முன் ஸ்ப்ராக்கெட் அந்த ஊன்றுமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அதனால் பாரம் ஏறி ஸ்ப்ரிங் அமுங்கும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் கூடும். முன் ஸ்ப்ராக்கெட், ஊன்றுமிடம், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் ரொம்ப இறுகும். அந்த நேரத்துக்காகத்தான் கொஞ்சம் தொய்வு விடச் சொல்கிறார்கள். அது இல்லையென்றால் மொத்த இழுப்பும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கிலும் வீல் பேரிங்கிலும் போய் விழும். லூஸ் செயின் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். டைட் செயின்தான் ஆபத்து, பலருக்கு அது 'நல்லா டைட்டா இருக்கு' என்றே தோன்றும்.

கையால் ஆட்டிப் பார்த்து 'சரியா இருக்குங்க' என்பவரிடம் வாதாட முடியாது, எண் வேண்டும். அதற்காக நானே ஒரு அளவுகோல் செய்தேன். ஒரு மரக்கட்டையில் ரம்பத்தால் ஒரு கீறு போட்டு, அதில் 30 சென்டிமீட்டர் எவர்சில்வர் ஸ்கேலைச் செங்குத்தாகச் செருகினேன். துணி காயப்போடும் கிளிப் இரண்டை ஸ்கேலில் மாட்டிக்கொண்டேன். அவைதான் முள். உயரம் போதாவிட்டால் கட்டைக்கு அடியில் ஒரு செங்கல். செலவு என்று பார்த்தால் ஸ்கேல் மட்டும்தான்.

வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கீழ்ப்பக்கச் செயினில் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே ஸ்கேலை ஒட்டி வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் செயினைக் கீழே அழுத்தி, செயின் கண்ணிகளைக் கோர்க்கும் ஒரு பின் (pin) நிற்கும் இடத்துக்கு ஒரு கிளிப்பை நகர்த்துங்கள். மேலே தள்ளி, அதே பின்னுக்கு நேராக இன்னொரு கிளிப். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொய்வு. அப்புறம் சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. இருப்பதிலேயே குறைவான அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மெயின் ஸ்டாண்டா சைடு ஸ்டாண்டா என்பதை மேனுவல் பார்த்துச் செய்யுங்கள், ஸ்டாண்டை மாற்றினால் அளவும் மாறும். முழுக் கவர் உள்ள வண்டிகளில் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றிப் பார்க்கலாம். எஞ்சினை ஓடவிட்டு கியர் போட்டு மட்டும் இதைச் செய்யாதீர்கள். சில பட்டறைப் பையன்கள் அப்படியே துணியைப் பிடித்துச் செயின் துடைக்கிறார்கள். விரல் போய்விடும்.

என் வண்டிக்கு மேனுவல் சொல்வது 20 முதல் 30 மில்லிமீட்டர். ஸ்கேல் காட்டியது 7.

பிறகுதான் அந்தப் பழைய சாமான் பையைப் பிரித்தேன். உள்ளே இருந்தது 428 என்ற அளவுச் செயின். அதில் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையத்துக்கு 12.7 மில்லிமீட்டர். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, இழுத்துப் பிடித்து, 21 பின்களை எண்ணி முதல் பின்னிலிருந்து கடைசிப் பின் வரை அளந்தால் புதுச் செயினில் 254 வர வேண்டும். சுமார் 2 சதவீதம் நீண்டு 259-ஐத் தொட்டால் மாற்றும் நேரம். 'போயிருச்சு' என்று அவர்கள் சொன்ன செயின் 255 காட்டியது. ஸ்ப்ராக்கெட் பல் எதுவும் கொக்கிபோல வளையவில்லை. ஆக்சில் நட்டைத் தளர்த்தி இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சமமாகத் திருகியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை. அதற்கு 2,450 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

கட்டையையும் பழைய செயினையும் எடுத்துக்கொண்டு போனேன். "ஸ்கேல் வெச்சு செயின் அளக்குற ஆளை இப்பத்தாங்க பாக்குறேன்" என்று முதலாளி சிரித்தார். அவர் கண் முன்னாலேயே அளந்து காட்டியதும் சிரிப்பு நின்றது. செயினை 25-க்குத் தளர்த்தினார்கள், இரைச்சல் அன்றே போய்விட்டது. பழைய செயினைப் பற்றிக் கேட்டபோதுதான் பேச்சு மாறியது. பையன் பார்த்துச் சொன்னதுதானாம், பூட்டிய சாமானைத் திருப்பி எடுக்க முடியாதாம், வேண்டுமானால் அடுத்த சர்வீஸுக்குக் கூலி வேண்டாமாம். அடுத்த சர்வீஸுக்கு அங்கே யார் போகப்போகிறார்கள்!

முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் எண்ணெய் கசிந்திருந்ததை இன்னொரு மெக்கானிக் காட்டினார். சீல் மாற்றியாயிற்று. செயினை இறுக்கியதால்தான் அது போனது என்று நிரூபிக்க எனக்கு வழியில்லை, ஆனால் சர்வீஸுக்கு முன்னால் அந்த இடம் காய்ந்துதான் இருந்தது. பின் டிரம் பிரேக்கைப் பிடித்து நிறுத்தும் ராடின் நட்டில் போட வேண்டிய பின்னையும் முதல் கடைக்காரர்கள் போடாமல் விட்டிருந்தார்கள். செயின் வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது அந்தப் பின் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிரேக் பெடலையும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள், சக்கரம் முன்னே பின்னே நகர்ந்திருந்தால் பெடலின் ப்ளேயும் (பிரேக் பிடிக்கும் வரை பெடல் வெறுமனே இறங்கும் தூரம்) மாறியிருக்கும்.