யன்னலின் திறவாத பலகைக்குப் பதிலாக எந்தக் கண்ணாடி?

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் பலவற்றில் யன்னல் நிலையோடு சேர்ந்தே திறவாத பலகை ஒன்று இருக்கும். சில வீடுகளில் அது யன்னலுக்கு மேலே, சிலவற்றில் கீழே, தரைக்குக் கிட்ட. உள்ளறையில் பகலிலும் லைற் போட வேண்டியிருப்பதால் அதைக் கழற்றிக் கண்ணாடி போட நினைக்கிறோம். நல்ல யோசனைதான். ஆனால் கடைக்குப் போனதும் விலையைத்தான் முதலில் கேட்கிறோம். அதற்கு முன்னால், கண்ணாடி எந்த உயரத்தில் நிற்கப்போகிறது என்று பாருங்கள். பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

தலைக்கு மேலே உள்ள சின்னக் கட்டம் என்றால் சாதாரண கண்ணாடி போதும். மலிவு, கேட்ட அளவுக்குக் கடையிலேயே கீறி வெட்டித் தருவார்கள். 5 மில்லிமீற்றர் எடுங்கள். 3 மில்லிமீற்றரில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாடைக்காற்றில் பக்கத்துக் கதவு அடித்துச் சாத்தும் அதிர்ச்சியே அதற்குப் போதும். இடுப்பளவுக்குக் கீழே மட்டும் இதைப் போடவே வேண்டாம். பிள்ளைகள் ஓடி வந்து மோதுவதும் கதிரை இடிப்பதும் அந்த உயரத்தில்தான். உடைந்தால் கத்தி போல நீண்ட துண்டுகளாக விழும்.

கீழ்க் கட்டத்துக்கு டெம்பர் கண்ணாடியா, லமினேட் கண்ணாடியா என்பதுதான் உண்மையான போட்டி.

டெம்பர் என்பது 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைத்த கண்ணாடி. சாதாரண கண்ணாடியைவிட ஏறக்குறைய 4 மடங்கு பலம். உடைந்தாலும் சிறு மணிகளாகத்தான் உதிரும், ஆழமாக வெட்டாது. ஆனால் ஒருமுறை டெம்பர் செய்தால் பிறகு வெட்டவும் முடியாது, துளையிடவும் முடியாது. நமது பழைய முதிரை, வேம்பு நிலைகளில் இது பெரிய சிக்கல். மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் அளவு ஒத்துப்போகாது. குறுக்காக மூலைவிட்டம் பிடித்தால் இரண்டும் வேறு வேறாக இருக்கும். அளவு கொஞ்சம் பிசகினாலும் அந்தக் கண்ணாடி வீண்தான். அதோடு, உடைந்தால் முழுதும் கொட்டி, அந்த இடம் திறந்தபடி கிடக்கும்.

லமினேட்டில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அடிபட்டால் வெடிக்கும், ஆனால் துண்டுகள் படலத்தோடு ஒட்டியபடி அங்கேயே நிற்கும். மாரி மழைக்குள் மாற்றுக் கண்ணாடி வரும்வரை வீடு நனையாது, கள்ளனும் சுலபமாக உள்ளே வரமாட்டான். புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அந்தப் படலமே மறித்துவிடுவதால் திரைச்சீலையும் சுவரில் மாட்டிய படங்களும் வெளிறுவது குறையும். டெம்பர் செய்யாத லமினேட் என்றால் அளவுக்கு வெட்டவும் முடியும். 3 மில்லிமீற்றர் கண்ணாடி இரண்டு சேர்ந்தால் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 15 கிலோ பாரம், ஆனால் திறவாத கட்டத்துக்கு அது ஒரு பொருட்டல்ல. என் தெரிவு இதுதான்.

பொலிகார்பனேற் என்பது கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்ரிக் தகடு, சுலபத்தில் உடையாது. ஆனால் தூசு படிந்ததைத் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், வெயிலில் நாளடைவில் மஞ்சளாகும். தற்காலிகத்துக்குச் சரி.

மேற்கு வெயில் நேரே அடிக்கும் யன்னல் என்றால் பலகையையே விட்டுவிடுங்கள். நான் சொன்ன எந்தக் கண்ணாடியும் அந்தச் சூட்டை மறிக்காது. மேலே காற்றுப் போகத் துளை வெட்டிய பலகையையும் தொடாதீர்கள். அறையின் சூடான காற்று வெளியேறும் வழி அது.

பூட்டும் வேலையில் ஓடாவியாரிடம் சில விஷயங்களைச் சொல்லி வையுங்கள். பலகை நாலு பக்கமும் நிலையில் வெட்டிய நீளப் பள்ளமான காடிக்குள் செருகியிருந்தால் உட்பக்க விளிம்பை உளியால் எடுத்தால்தான் கண்ணாடியை வைக்க முடியும். நிலையை மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவில் பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் கழிக்க வேண்டும். மழைக்கு மரம் ஊதும். அடியில் இரண்டு றப்பர் துண்டு வைத்தால் கண்ணாடி மரத்தில் நேரே குந்தாது. லமினேட்டுக்கு எண்ணெய் கலந்த புட்டிப் பசையும் வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசையும் வேண்டாம், படலத்தின் ஓரத்தைக் கெடுத்துவிடும். நியூட்ரல் சிலிக்கன் என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய சட்டமான பீடிங்கை வீட்டின் உட்பக்கமாக வைத்து, ஆணிக்குப் பதில் திருகாணியால் பூட்டச் சொல்லுங்கள். வெளியிலிருந்து யாரும் கழற்ற முடியாது, கண்ணாடி மாற்றும் நாளில் சுத்தியல் அடியும் தேவைப்படாது.