அபராதமா, காலைப் பேச்சா?

கையுறை அணியாதவருக்கு அபராதம் விதிப்பதா, வேலை தொடங்குமுன் தினமும் கூடிப் பாதுகாப்பு பற்றிப் பேசுவதா என்று ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் சிமெண்டுத் தரை ஓடு) பட்டறை நடத்துவோர் தயங்குகிறார்கள்.

செலவு: அபராதத்துக்கு ஏதுமில்லை; பேச்சுக்கு நாளொன்றுக்கு 5 நிமிடக் கூலி.

எளிமை: அபராதத்தை இன்றே அறிவிக்கலாம், பேச்சு பழக்கமாக மாதங்கள் ஆகும்.

நீடிப்பு: கண்ணாடித் தகட்டில் சாயச் சிமெண்டை ஊற்றும்போது விளிம்பு கையைக் கீறினால், அபராதத்துக்கு அஞ்சுபவர் துணியைச் சுற்றி மறைத்துக்கொள்வார், ஈரச் சிமெண்டின் காரமோ அக்காயத்தை அரித்துப் புண்ணாக்கிவிடும். பேசிப் பழகிய பட்டறையில், "அண்ணே, இந்தத் தகடு விளிம்புல உடைஞ்சிருக்கு" என்று இளையவரே அதை ஒதுக்கி வைப்பார். அதைக் கேட்கும் பொறுமை மேஸ்திரிக்கு இருந்தாக வேண்டும்.

எச்சரித்தும் தெரிந்தே மீறுபவருக்கு மட்டும் அபராதம் பொருந்தும். புதியவர்கள் கற்றுக்கொள்ளும் பட்டறைக்குக் காலைப் பேச்சையே நான் பரிந்துரைப்பேன்.